சிக்னல் வந்தா மட்டும் போதுமா? முயல் ஆன்டிபாடிக்கு ஒரு நெகட்டிவ் டெஸ்ட்

செல்லுக்குள்ள சரக்கு, வெசிக்கிள்ங்கிற குட்டிப் பைகள்ல போகுது. எது எங்க போகணும்னு பிரிச்சு அனுப்புற புரதங்கள்ல ஒண்ணு விபிஎஸ்35. இதோட ஜீன்ல வர்ற ஒரு மாற்றம், சில குடும்பங்கள்ல பார்க்கின்சன் நோயைக் கொண்டுவருது.

ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவுல இதைத் தேடிப் பிடிக்க, லேப்ல முயல் மோனோகுளோனல் ஆன்டிபாடி போடுவாங்க. முயலோட ஒரே ஒரு பி செல்லோட வழியில வந்ததால, எல்லா காப்பியும் ஒரே வடிவத்துலதான் ஒட்டும்.

ஆனா, அதே வடிவம் வேற புரதத்துலயும் இருந்தா? நாம கோடுக்கு எழுதுற நெகட்டிவ் டெஸ்ட்தான் இங்கயும். விபிஎஸ்35 ஜீனை நீக்கின செல்லுல அதே ஆன்டிபாடியைப் போடுங்க. சிக்னல் மறையணும். மறையலைன்னா, அது வேற எதையோ பிடிக்குது. அதை நம்பி எழுதுற ஆய்வு, பார்க்கின்சன் பத்தி தப்பாத்தான் சொல்லும்.