ஊர்வன வாழும் பேழையில் உயிர்த்தாவரம்

கண்ணாடிப் பேழையில் ஊர்வனவற்றைப் பேணுவோர் சிலர், அதனுள் ஒரு பசுங்கொடியை நடுதல் கண்ணுக்கு இனிமை பயத்தற்கே எனக் கருதுவர். அழகு அதனாற் கிடைக்கும் பயன்களுள் மிகச் சிறியதாகும். உயிருள்ள தாவரம் பேழையின் காற்றுக்கு ஈரமூட்டுகின்றது, நிழல் தருகின்றது, மறைவிடமாகின்றது, கழிவையும் ஓரளவு ஏற்றுக்கொள்கின்றது. ஆயின், விலங்கின் இயல்பறியாது நட்ட தாவரம் அவ்விலங்குக்கே நமனாதலும் உண்டு. இவ்விரு திறத்தையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

மூடிய கண்ணாடிக்குள் தாவரம் நெடுங்காலம் வாழும் என்பதனை உலகறியச் செய்தவர் நதானியல் வார்டு என்னும் இலண்டன் மருத்துவராவர். 1829ஆம் ஆண்டளவில் அவர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவொன்றை ஈரமண்ணுடன் போத்தலில் இட்டு மூடிவைத்தார். சின்னாளில் அம்மண்ணிலிருந்து பன்னமும் புல்லும் முளைத்தெழுந்தன. மண்ணினின்றும் எழுந்த நீராவி கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணையே அடைந்தமையே அதற்குக் காரணம். 1876ஆம் ஆண்டிற் கியூப் பூங்காவிலிருந்து இறப்பர் நாற்றுக்கள் இலங்கைக்கு வந்தது அவர் பெயரால் வழங்கிய பேழைகளிலேயே. நம் நாட்டின் பெருந்தோட்டத் தொழிலொன்றுக்கு வழிகோலிய அத்தத்துவமே, ஊர்வன வாழும் பேழையிலும் தொழிற்படுகின்றது.

முதலாவது பயன் நீராகும். வேர் உறிஞ்சிய நீரின் பெரும்பகுதியை இலைகள் ஆவியுயிர்ப்பினாற் காற்றிற் சேர்க்கின்றன. ஆதலின், பேழையின் ஈரப்பதன் விரைந்து குறையாது நிற்கும். இதன் அருமையை யெமன் நாட்டுப் பச்சோந்தியிடத்துக் காணலாம். கிண்ணத்தில் அசைவற்றுக் கிடக்கும் நீரைப் பச்சோந்திகள் பெரும்பாலும் நீரென்றே அறிவதில்லை. இலைநுனியில் திரண்டு மின்னும் துளிகளையே நக்கிப் பருகுகின்றன. எனவே கிண்ணம் நிரம்பியிருக்கவும் விலங்கு நீரின்றி வாடல் கூடும். நாடோறும் நீர் தெளிக்கப்பெற்ற இலைகளே அதன் நீர்நிலையாகும்.

இரண்டாவது பயன் நிழலும் மறைவுமாகும். ஊர்வன தம் உடல்வெப்பத்தைப் புறத்திலிருந்தே பெறுகின்றன. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறிச் சென்றே அவை தம் வெப்பநிலையைச் சீர்செய்கின்றன. விளக்கொளி எங்கும் ஒருபடித்தாகப் பரவிய பேழையில் அத்தெரிவு அவற்றுக்கு இல்லை. ஒருபுறம் தழை செறிந்திருப்பின், வேண்டுமிடத்தை விலங்கே நாடிக்கொள்ளும். மறைந்திருக்க இடமில்லாத விலங்கு எப்பொழுதும் அச்சத்திலேயே வாழும், உணவை வெறுக்கும், நோய்க்கும் எளிதில் இரையாகும்.

மூன்றாவது பயன் துப்புரவாகும். பல்லியும் பாம்பும் நைதரசன் கழிவைப் பெரும்பாலும் யூரிக்கமிலமாக, வெண்களி வடிவில் வெளியேற்றுகின்றன. மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் அதனை அமோனியாவாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றை வேர்கள் உணவாகக் கொள்கின்றன. எனினும், பெரிய பாம்பின் கழிவை ஒரு செடி தாங்கவல்லதன்று. அதனைக் கையால் அகற்றியே ஆதல் வேண்டும்.

தாவரம் ஒட்சிசன் தருமாதலாற் காற்றோட்டம் வேண்டா என்பார் உளர். சிறு செடிகள் சில வெளிவிடும் ஒட்சிசன் மிகச் சொற்பம். இரவில் அவையும் ஒட்சிசனையே உட்கொள்கின்றன. காற்றோட்டமற்ற ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். சுவாச நோயையும் தோல்நோயையும் விளைக்கும். ஆதலின், மூடியிலும் பக்கத்திலும் வலையிடுதல் இன்றியமையாதது.

இனி, பேழையை அமைக்கும் முறையைக் கூறுவாம். அடியிற் கூழாங்கற்களை 2 அங்குல உயரத்துக்குப் பரப்புக. அதன்மேல் நுண்வலையை விரித்து, உரமிடாத மண்ணை இடுக. மிகுந்த நீர் கல்லடுக்கில் வடிதலால் வேர் அழுகாது. கடையில் வாங்கிய செடியிற் பூச்சிகொல்லி படிந்திருத்தல் கூடும். இலைகளை நன்கு கழுவி, பழைய மண்ணை நீக்கிச் சில வாரம் புறத்தே வளர்த்தபின் நடுக. வேரூன்றும் வரை விலங்கை உள்ளே விடற்க. வெப்பவிளக்கின் நேர்கீழே எச்செடியையும் வையற்க. பகலில் உலவும் பல்லியினங்கள் பலவற்றுக்கு விற்றமின் டி உண்டாதற்கு ஊதாக்கடந்த கதிர் வேண்டும். சாதாரணக் கண்ணாடி அக்கதிரைத் தடுக்குமாதலின், அவ்விளக்கு வலையின் மேலேயே அமைதல் நன்று.

தாவரத்தைத் தெரியுமுன் வினவற்பாலன இரண்டு: விலங்கு எந்நிலத்துக்குரியது? அஃது இலையுண்பதா? பாக்கித்தான், ஆப்கானித்தான் வறள்நிலங்களிலிருந்து வந்த சிறுத்தைப்பல்லிக்கு மழைக்காட்டுப் பன்னம் பொருந்தாது. மருளும் கற்றாழையும் பொருந்தும். பூச்சியுண்ணும் மரப்பல்லியின் பேழையில் ‘மணிபிளாண்ட்’ என வழங்கும் கொடி தீங்கின்றி வளரும். ஆயின், அதன் இலையிற் சேம்பிலுள்ளவாறே ஊசிபோன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் உள. இலையுண்ணும் ஆமைக்கும் உடும்பனைய இகுவானாவுக்கும் அவை வாயைப் புண்ணாக்கும். யெமன் பச்சோந்தியும் இலை கடிப்பதாகலின், அதற்குச் செவ்வரத்தையே ஏற்றது. அலரியோ இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையது, எப்பேழைக்கும் ஆகாது. மலைப்பாம்பு போன்ற பாரமிக்கவை மென்செடிகளை நசுக்கிவிடும் என்பதையும் நினைவிற்கொள்க.

இவற்றைப் படிக்கும் மாணவர் காட்டிற் சென்று ஓணானைப் பிடித்துவர விழைதல் கூடும். அது தகாது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் நம் நாட்டு ஊர்வனவற்றுட் பெரும்பாலானவற்றைக் காக்கின்றது. பிறநாட்டுச் சேகரிப்போருக்காகக் கடத்தப்பட்டு வந்த நம் கொம்போணான் இனங்கள், 2019ஆம் ஆண்டிற் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கும் உட்படுத்தப்பட்டன. முகில் தவழும் மலைக்காட்டின் ஈரத்தையும் குளிரையும் எந்தப் பேழையும் முற்றாகத் தந்துவிடாது.

ஆயின், ஒரு பேழை கற்பிக்கும் பாடத்தை வேலியிலும் கற்கலாம். பாடசாலை வளவில் ஒரு செவ்வரத்தை வேலியை வளர்த்து, காலையில் ஓணான் எக்கிளையில் வெயில் காய்கின்றது, நண்பகலில் எவ்விலையின்கீழ் ஒதுங்குகின்றது, மழைக்குப்பின் எங்ஙனம் துளியை நக்குகின்றது என நாடோறும் குறித்துவரும் மாணவன், விலங்கும் தாவரமும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறைமையைத் தன் கண்ணாலேயே காண்பான். பேழை அமைக்க முற்படுவோனுக்கும் அக்குறிப்பேடே முதல் நூலாகும்.