குழந்தை வரவிருக்கும் இல்லத்தில் நாய்

ஓர் இல்லத்தில் மகப்பேறு நிகழவிருக்கிறது எனில், அவ்வில்லத்தார் அதற்கு வேண்டுவனவற்றைத் தேடத் தொடங்குதல் இயல்பு. நைந்த பருத்திச் சேலைகளைத் துவைத்து மடித்து வைப்பர். தூளி கட்ட விட்டத்தில் வளையம் இருக்கின்றதா என்று பார்ப்பர். ஊரிலிருந்து யாரை வரவழைப்பது என்று கடிதமும் தொலைபேசியுமாகக் கலந்து பேசுவர். பிற மாநிலங்களில் தனிக்குடித்தனம் நடத்தும் தமிழர் சிலர் இவற்றோடு ஒரு நாய்க்குட்டியையும் தேடுகின்றனர். இவ்விருப்பம் நல்லதா, நல்லதெனின் எப்போது, எவ்வாறு நிறைவேற்றத்தக்கது என்பதே இப்பேச்சின் பொருள்.

கருநாடக மாநிலத்தின் தென்கோடியிலுள்ள சாமராஜநகரை எடுத்துக்கொள்வோம். 1997-ஆம் ஆண்டில் மைசூர் மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாக அமைந்தது இது. இதனுள் அடங்கிய கொள்ளேகாலம் வட்டம் 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின் தமிழ் இங்கே அயல்மொழி அன்று. ஆயினும் பணியின் பொருட்டு அண்மையில் வந்து சேர்ந்த ஓர் இளங்குடும்பத்திற்கு ஊர் புதிது. கணவர் காலையில் சென்று மாலையில் திரும்புகிறார். கருவுற்ற மனைவி பகல் முழுதும் தனித்திருக்கிறார். அம்மாவும் அத்தையும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளுக்கு அப்பால் இருக்கின்றனர். இந்நிலையில் ஒரு நாய் காவலாகவும் துணையாகவும் இருக்கும் என்று எண்ணுதலில் பிழை ஒன்றுமில்லை.

ஆனால் காலக்கணக்கு ஒன்று உண்டு. நாய்க்குட்டி தாயை விட்டுப் பிரியத்தக்க வயது ஏறத்தாழ 8 வாரம். தொல்காப்பியர் குருளை என்று சுட்டியதும், கன்னடர் 'நாயி மரி' என்று அழைப்பதுமாகிய அச்சிற்றுயிர், அவ்வயதில் வெளியே சென்று கழிக்கவும் அறியாது. சொல்லுக்கு அடங்கவும் அறியாது. நான்காம் மாதத்தில் அதன் பாற்பற்கள் விழத் தொடங்குகின்றன. ஈறு தினவெடுக்க, கண்டதையெல்லாம் கவ்வும் பருவம் அது. எட்டாம் மாதத் தொடக்கத்தில் குட்டியைக் கொணர்ந்தால், குழந்தை பிறக்கும் நாளில் அது சரியாக இப்பருவத்தில் நிற்கும். கருவுற்ற இரண்டாம் மாதத்திலேயே கொணர்ந்திருந்தாலோ, பிரசவ காலத்தில் அதற்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். பழக்கங்கள் பெரும்பாலும் படிந்திருக்கும், தடுப்பூசிகளும் முடிந்திருக்கும். எனவே நாய் வேண்டுமெனில் முன்னரே வேண்டும். கருக்காலம் பாதி கடந்துவிட்டதாயின் அவ்வெண்ணத்தை ஒத்திவைத்து, குழந்தை சொல்வதைப் புரிந்து நடக்கும் வயது வரும்வரை காத்திருத்தலே அறிவுடைமை.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். வெறிநாய்க்கடி நோயே முதன்மையான காரணம். அறிகுறிகள் தோன்றிய பின்னர் அந்நோயினின்று பிழைத்தவர் மிக மிகச் சிலர். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் மாள்கின்றனர் என்றும், அவ்விறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நிகழ்கின்றன என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளால் கடியுண்போரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட சிறார். குழந்தை உயரத்தில் சிறியதாதலால் கடி முகத்திலும் கழுத்திலும் படுகிறது. மூளைக்கு அண்மையில் பட்ட கடி விரைவில் நோயாகிறது. பேச்சு வாராத குழந்தை தன்னை நாய் கீறியதையும் சொல்ல இயலாது.

இந்நோயின் வரலாற்றில் சாமராஜநகருக்கு அண்மையிலுள்ள ஓர் இடம் சிறப்புடையது. குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர், உதகை வழியே சென்றால் குன்னூரை அடையலாம். 1885 சூலை 6-ஆம் நாள், பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த சோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காத்தார். இந்தியாவில் அம்மருந்துக்கான நிலையம் 1900-இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் ஏற்பட்டது. தென்னாட்டில் கடியுண்டவர் பல நாள் பயணம் செய்து வடக்கே செல்ல வேண்டியிருந்தது. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியபின் இத்துன்பம் நீங்கியது. ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் கர்சன் பிரபுவிடம் அளித்த கொடை அந்நிலையம் எழ உதவிற்று.

அக்காலத்து மருந்து ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. வயிற்றில் நாள்தோறும் ஊசி போட்டனர். அந்த நினைவு இன்னும் பல குடும்பங்களில் அச்சமாக நிற்கிறது. அம்மருந்து 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் கைவிடப்பட்டது. இன்று போடப்படுவது உயிரணு வளர்ப்பு முறையில் ஆகிய மருந்து. அதனைக் கைத்தோலில் செலுத்தும் முறையில் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு முறை வந்தால் போதும். கருவுற்றவரும் பாலூட்டும் தாயும் இதனைத் தயங்காது போட்டுக்கொள்ளலாம். கருவுற்றிருத்தல் இதற்குத் தடை அன்று. பிள்ளை பிறக்கட்டும் என்று நாள் கடத்துவதே பேரிடர்.

நாய் கடித்தாலோ கீறினாலோ, உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், பச்சிலை முதலியவற்றைத் தடவலாகாது. கழுவியவுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குருதி வெளிப்பட்ட காயமாயின் தடுப்பூசியோடு, காயத்தினுள்ளே செலுத்தும் நோயெதிர்ப்பு மருந்தும் தேவை. அதனை மருத்துவரிடம் கேட்டுப் பெறுதல் நன்று. சிராய்த்த தோலை நாய் நக்கினாலும் அதைக் கடியாகவே கருதுக. "வீட்டுக் குட்டிதானே" என்று விட்டுவிடுதல் கூடாது. குட்டிக்கும் வெறிநோய் வரும். ஊருக்குப் புதியவர்கள் இம்மருந்துகள் எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருத்தல் வேண்டும். வெறிநாயைக் கன்னடர் 'ஹுச்சு நாயி' என்பர். தெருவில் இச்சொல் கேட்டால் குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்க.

இனி, நாய் ஏற்கனவே வீட்டில் இருக்கிறது அல்லது உரிய காலத்தில் வந்துவிட்டது என்று கொள்வோம். மூன்றாம் மாதத்தில் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் கால்நடை மருத்துவர் குறிக்கும் நாளிலும் ஆண்டுதோறும் தொடர வேண்டும். குடற்புழு நீக்கமும் அதே அளவு இன்றியமையாதது. நாயின் உருளைப்புழு தாய் வயிற்றிலிருந்தே குட்டிக்குச் சென்றுவிடுகிறது. மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் மண்ணில் சில வாரம் கிடந்து, பின்னரே தொற்றும் ஆற்றலைப் பெறுகின்றன. ஆகவே நாள்தோறும் மலத்தை அகற்றிவிட்டால், தவழ்ந்து மண்ணை வாயிலிடும் குழந்தைக்கு வரும் தீங்கு பெரிதும் குறையும். அவ்வேலை கருவுற்றவருடையது அன்று, கணவருடையது. சங்கிலியை இழுத்தோடும் நாயை உலாவ அழைத்துச் செல்லும் பணியும் அவருடையதே. இவற்றை ஏற்க அவருக்கு நேரமில்லையெனில், அவ்வீட்டில் நாய்க்கு இடமில்லை என்றே கொள்ள வேண்டும். வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவையும் முதலிலேயே பெறுக.

தமிழர்க்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்கிறார். பிள்ளைக்கு மூன்று அல்லது ஐந்து மாதம் ஆனபின் திரும்புகிறார். நாய் அவரை அரையாண்டு காணாதிருக்கும். பின்னர் ஒரு நாள் திடீரென, புதியதோர் அழுகுரலோடும் மணத்தோடும் அவர் வந்து நிற்பார். இதற்கு நாயை முன்னரே பழக்குதல் இயலும். குழந்தையைப் பார்க்கச் செல்லும் கணவர், அதன் உடலில் சுற்றியிருந்த துணியொன்றைக் கொணர்ந்து நாய் மோந்து பார்க்கச் செய்யலாம். நாய் இனி நுழையலாகாத அறைக்கு அப்போதே தடுப்பு வைத்துப் பழக்கலாம். திரும்பும் நாளில் தாய் முதலில் குழந்தையின்றித் தனியே உள்ளே சென்று நாயோடு பேசட்டும். நீண்ட தூரம் உலாவிக் களைத்த நாயைச் சங்கிலியில் பிடித்தவாறே, மற்றொருவர் கையிலுள்ள குழந்தையைத் தொலைவிலிருந்து காட்டுக. பல நாள்களில் சிறிது சிறிதாக அணுகவிடலாம். நாய் உறுமினால் அடிக்கலாகாது. உறுமல் அதன் எச்சரிக்கை. அடித்து அதை அடக்கினால், அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கும். உறுமிய அக்கணமே குழந்தையை அகற்றுவதே முறை.

தூளியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அசையும் துணியைக் கவ்வி இழுத்தல் நாய்க்கு விளையாட்டு. தரைக்குச் சற்று மேலே துணி ஆடிக்கொண்டிருக்க, அதனுள் குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டிருக்குமானால், சாதுவான நாயும் அதனை விளையாட்டுப் பொருள் என்று எண்ணக்கூடும். பால் பொங்குகிறது, வாயிலில் யாரோ அழைக்கிறார் என்று ஒரு நிமிடம் அகல நேர்ந்தாலும், இடையே ஒரு கதவு தாழிடப்பட்டிருக்க வேண்டும். எந்த நாயையும் எந்தச் சிசுவோடும் தனித்து விடலாகாது. இவ்விதிக்கு விலக்கே இல்லை.

இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய நம் நாட்டு நாய்களைக் குறித்துப் பெருமிதம் கொள்வோர் பலர். 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தலைகளில், கருநாடகத்தின் முதோல் நாயோடு இராசபாளையமும் இடம்பெற்றது. ஆயினும் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இவ்வினங்கள் ஓட இடம் கேட்பவை. இரண்டறைக் குடியிருப்பிற்கு ஏற்றவை அல்ல. முதன்முறை வளர்ப்போர்க்கு அமைதியான நாட்டு நாயே போதும். காட்டோரத்தில் வாழ்வோர் இரவில் நாயை வெளியே கட்டலாகாது. நாயைத் தேடிச் சிறுத்தை வீட்டு முற்றம் வரை வரும்.

நன்மையே இல்லையோ எனில், உண்டு. பின்லாந்து நாட்டில் 397 குழந்தைகளை முதல் ஆண்டு முழுதும் கவனித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வொன்று, நாயுள்ள வீட்டுக் குழந்தைகளுக்குச் சளி, காதுநோய் முதலியன குறைவாக இருந்தன என்று கண்டது. ஆனால் அங்கே வெறிநாய்க்கடி நோய் இல்லை. அந்நன்மையை நாம் விரும்பினால், தடுப்பூசி என்னும் விலையை முதலில் செலுத்த வேண்டும்.

குழந்தை வந்ததும் நாயைத் தெருவில் விட்டுவிடுவோர் சிலர் உளர். தக்க காரணமின்றி அவ்வாறு கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அன்றியும், நேற்றுவரை ஊசி பெற்றிருந்த நாய், நாளை ஊசியற்ற தெருநாயாகி வேறொரு குழந்தைக்கு ஊறாகலாம். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும் உயிர். பணி மாறுதல் வந்து வேறோர் ஊருக்குச் செல்லும் நாளிலும் அதனை உடன் கொண்டுபோக நம்மால் இயலுமா என்று கணவனும் மனைவியும் அமர்ந்து பேசுக. இயலும் எனில் உரிய காலத்தில் கொணர்க. இயலாதெனில், பகல் தனிமைக்கு அயல்வீட்டுக் கன்னடப் பெண்மணியின் நட்பை நாடுக. பேறுகால அவசரத்தில் வண்டி பிடித்துத் தரவும், குழந்தையை ஒரு நாழிகை பார்த்துக்கொள்ளவும் அவரால் இயலும்.