செல்லப்பிராணியோடு வெளிநாடு: விசா வரும்வரை காத்திருக்காதீர்கள்

வேலை உத்தரவு வந்து, விசாவும் கைக்குக் கிடைத்த பிறகுதான் பல வீடுகளில் நாயைப் பற்றிய பேச்சே எழுகிறது. அதற்குள் பயணத்துக்குச் சில வாரங்களே மிச்சம் இருக்கும். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ பிரிட்டனுக்கோ ஒரு நாயையோ பூனையையோ கொண்டுபோக அந்த வாரங்கள் போதவே போதாது. எவ்வளவு செலவு செய்தாலும், எந்த ஏஜென்டைப் பிடித்தாலும் அந்தக் கால அளவைச் சுருக்க முடியாது. கடைசியில், வருடக்கணக்கில் வீட்டில் ஒருவராக வளர்ந்த உயிர் காப்பக வாசலில் விடப்படுகிறது. முன்கூட்டித் தெரிந்திருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

முதலில் சிப், பிறகுதான் ஊசி

தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில், அரிசி மணி அளவுள்ள மைக்ரோசிப் ஒன்றை ஊசி மூலம் செலுத்துவார்கள். அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில் உள்ள சிப்தானா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது வரிசையில்தான். சிப் பொருத்திய அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ரேபிஸ் தடுப்பூசி மட்டுமே கணக்கில் வரும். ஆண்டுதோறும் தவறாமல் ஊசி போட்டு வந்த நாயாக இருந்தாலும், சிப் இல்லாத காலத்தில் போட்டவை செல்லாது. ஊசி போடப்பட்ட பிராணி இதுதான் என்று நிரூபிக்க அந்த எண்ணைத் தவிர வேறு வழி இல்லை. ஊசி போடும்போது குட்டிக்கு 12 வாரம் நிரம்பியிருக்க வேண்டும். சிப் எண், பொருத்திய தேதி, ஊசி மருந்தின் தொகுதி எண், மருத்துவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் தடுப்பூசிப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கட்டும்.

மூன்று மாதம் எதற்காக?

ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸ் எதிர்ப்புப் பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி. ஆனால் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

இது வெற்றுச் சடங்கு அல்ல. உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் சுமார் 36 சதவீதம் பேர் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தக் கிருமி உடலில் நுழைந்து பல வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூட, அறிகுறி காட்டாமல் பதுங்கியிருக்கும். ஊசி போடுவதற்கு முன்பே கடிபட்டிருந்த நாயா என்பதை எதிர்ப்புச் சக்தியின் அளவு சொல்லாது; காத்திருக்கும் காலம்தான் காட்டிக்கொடுக்கும்.

கூட்டிப் பாருங்கள்: வளர்ந்த நாய்க்கு எப்படியும் நான்கு மாதம், பரிசோதனையில் அளவு குறைந்து மறுபடி ஊசி போட நேர்ந்தால் இன்னும் கூடும். ஆறு மாதம் ஒதுக்குவதே நிம்மதி. குட்டியென்றால் ஏழு மாத வயதுக்கு முன் ஐரோப்பா போகவே முடியாது. ஓர் ஆறுதல் உண்டு. அடுத்தடுத்த ஊசிகளைக் கெடு தவறாமல் போட்டுவந்தால் ஐரோப்பாவுக்கு இந்த ரத்தப் பரிசோதனை வாழ்நாளுக்கும் செல்லும். ஒரு நாள் தவறினாலும் எல்லாம் முதலிலிருந்து.

நாட்டுக்கு நாடு

பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் நாயும் பூனையும் கார்கோவாக மட்டுமே வர வேண்டும். நாய்க்கு, போய்ச் சேர்வதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பாக நாடாப்புழு மருந்து கொடுத்து மருத்துவர் பதிவு செய்திருக்க வேண்டும். ஜப்பானில் இரண்டு ரேபிஸ் ஊசிகளும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதம் நிரம்பாத நாய்களை அனுமதிப்பதில்லை. இந்தியாவை அது நாய் ரேபிஸ் ஆபத்து மிகுந்த நாடாக வைத்திருப்பதால் கூடுதல் படிவங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேராக அனுப்பவே வழி இல்லை. அது அங்கீகரித்த வேறொரு நாட்டில் பல மாதம் வைத்திருந்துதான் கொண்டுபோக முடியும். விதிகள் மாறக்கூடியவை. போகும் நாட்டின் அரசு இணையதளத்தில் நீங்களே படித்துப் பாருங்கள், ஏஜென்ட் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்.

புறப்படும் வாரம்

இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப, மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தின் சான்று வேண்டும். சென்னைக்கு அது பள்ளிக்கரணையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான உடல்நலச் சான்று, வழங்கிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் செல்லும். விமானம் தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்துத் தேதி வாங்குங்கள்.

கூண்டும் உடம்பும்

காகிதங்களுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பலர் கூண்டுக்குக் காட்டுவதில்லை. தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். பயணத்துக்கு ஓரிரு மாதம் முன்பே கூண்டை வாங்கிக் கூடத்தில் கதவு திறந்தபடி வையுங்கள். சாப்பாட்டை அதற்குள்ளேயே கொடுங்கள். தானாகப் போய் உறங்கும் நிலை வந்த பிறகு கதவைச் சாத்திப் பழக்குங்கள். நீங்கள் உடுத்திய பழைய துணி ஒன்று உள்ளே இருக்கட்டும், அந்த வாசனை அதற்குத் தைரியம்.

மயக்க மருந்து, தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தளர்த்தும் மருந்து, ஆள் பார்க்க முடியாத இடத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். புறப்படச் சில மணி நேரம் முன்பு அரை வயிறு உணவும் தண்ணீரும் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் பகல் விமானம் வேண்டாம். ஓடுதளத்தில் கூண்டு காத்திருக்கும் நேரம்தான் கொடியது. உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் நாய்களுக்குச் சாதாரணமாக வருவது. அதையும் முன்பே பரிசோதித்து, தேவையானால் சிகிச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பிராணியும் பறக்க வேண்டியதில்லை

பக், புல்டாக், பெர்ஷியன் பூனை போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல். சூட்டிலும் பதற்றத்திலும் அவை திணறிவிடும், பல விமான நிறுவனங்கள் ஏற்பதும் இல்லை. இதய நோய் உள்ளதும், தளர்ந்த முதுமையில் இருப்பதும் அப்படியே. மருத்துவர் வேண்டாம் என்றால் கேளுங்கள். பிராணிக்குப் பழகிய அக்கா வீடோ நண்பர் வீடோ இருந்தால் இப்போதே பேசிவையுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே அங்கே சில இரவுகள் தங்கவிட்டுப் பழக்குங்கள். தடுப்பூசிப் புத்தகத்தையும், அது எதைச் சாப்பிடும், எதற்குப் பயப்படும் என்று எழுதிய தாளையும் அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.