பாலம் அழகுதான்… எங்கே நின்னு படம் எடுப்பீங்க?

விடுமுறைக்கு நம்ம ஊர்ப் பாலங்களைப் படமெடுக்கக் கிளம்புறீங்களா? நல்ல படத்துக்கும் பத்திரமாக வீடு திரும்பவும் நிற்கும் இடம்தான் முக்கியம்.

பாம்பன்: 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி, கப்பலுக்கு வழிவிட அப்படியே மேலே எழும்பும். பக்கத்துச் சாலைப் பாலத்தின் நடைபாதையில் நின்றாலே ரயிலும் கடலும் ஒரே படத்தில் வந்துவிடும். வண்டியைப் பாலத்தின் மேல் நிறுத்தாதீங்க. கரையிலேயே விட்டுவிட்டு நடந்து போங்க. தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி, அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். இரண்டுமே கூட விதிக்கப்படலாம்.

மாத்தூர் தொட்டிப் பாலம்: குமரி மாவட்டத்தில் பறளியாற்றைக் கடந்து பாசன நீரைக் கொண்டு செல்கிறது. மேலே நின்றால் அதன் 28 தூண்களும் கண்ணில் படாது. படிக்கட்டில் கீழே இறங்கி, அண்ணாந்து எடுங்க, உயரம் புரியும். செல்ஃபிக்காகக் கைப்பிடிச் சுவரில் ஏற வேண்டாம்.

கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம்: விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் இந்த 77 மீட்டர் பாலத்துக்குப் படகில்தான் போக முடியும். கடல் சீற்றமாக இருந்தால் படகு ஓடாது. அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்க.

போனில் இந்த எண்களைப் பதிந்து வையுங்க: அவசர உதவிக்கு 112, ரயில்வே உதவிக்கு 139.