உருளையில் அச்சு விலகிய துளை: எங்கே பிழைக்கிறது?

யாழ்ப்பாணத்தில் லேத் பட்டறை ஒன்றில், வீணாகிப்போன உருக்குத் தண்டொன்றைக் கண்டேன். விட்டம் 40 மில்லிமீற்றர். நடு அச்சிலிருந்து 12 மில்லிமீற்றர் விலகி ஒரு துளை வேண்டும். உச்சிக்கோட்டிலிருந்து வளைவின் மேலே நாடா வைத்து 12 அளந்திருக்கிறார்கள். நேராகப் பார்த்தால் அது 11.3 தான். வெளிவளையத்தின் துளையோடு பொருந்தவில்லை, போல்ட் ஏறவில்லை. தண்டின் காசு பட்டறைக்காரரின் கையைக் கடித்தது.

கணினியில் வரைந்திருந்தால் இந்தப் பிழை வந்திராது. இலவசமாகக் கிடைக்கும் ஃபிரீகேட் மென்பொருளில் வட்டம் வரையத் தட்டையான தளம் வேண்டும். அச்சுக்குச் சமாந்தரமாக, அதிலிருந்து 20 மில்லிமீற்றர் உயரத்தில், உருளையின் உச்சியைத் தொடும் தளமொன்றை உருவாக்குங்கள். அதில் அச்சுக்கோட்டிலிருந்து 12 விலக்கி வட்டத்தை வரைந்து, கீழ்நோக்கி வெட்டுங்கள்.

ஊடகம் படித்த நான் ஏமாந்தது ஆழத்தில்தான். பள்ளியில் படித்த பைதகரஸ் தேற்றம்: செம்பக்கம் 20, ஒரு பக்கம் 12 என்றால் மற்றையது 16. அதாவது துளை தொடங்கும் இடம் உச்சியைவிட 4 மில்லிமீற்றர் தாழ்வு. ஆழம் 10 என்று கொடுத்தால் துளையின் நடுவில் 6 மட்டுமே உலோகத்துக்குள் இறங்கும். 14 கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, சரிவான பரப்பில் ட்ரில் பிட் வழுக்கும். முதலில் மில்லிங் இயந்திரத்தில் அந்த இடத்தைச் சற்றுத் தட்டையாக்கிவிட்டுத்தான் துளைப்பார்கள். அந்தத் தட்டையையும் வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.