மேட்டில் இழுக்காத இஞ்சின்: பிழை பிஸ்டனிலா, வால்விலா?



இன்று நம் லயங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட அதுதான் உதவுகிறது. ஆனால் கையில் இருக்கும் காசுக்குப் பல வேளை பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிதான் கிடைக்கும். அப்படி வாங்குகிறவர்கள் 'பவர் வால்வு' என்ற சின்ன உறுப்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் என் அக்கா மகன் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் கராஜ் வேலை பழகப் போனவன் அவன். அங்கே ஒரு பழைய வண்டி வாங்கினான். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் சமதரை. கல்முனை வீதியில் வண்டி பறந்தது. தீபாவளிக்குத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தான். தங்கச்சியைப் பின்னால் ஏற்றினால் மேட்டில் இழுக்கவே இல்லை. இங்கே ஒரு இடத்தில் காட்ட, "பிஸ்டன் போச்சு" என்றார்கள். கடன் வாங்கி மாற்றினான். அப்பவும் அதே கதைதான்.

திரும்பிப் போய் கராஜில் மூத்த பாஸிடம் சொன்னான். அவர் சிரித்தார். "பிஸ்டனில பிழை இல்ல மனே. வால்வைக் கழட்டிப் பாரு, மறுகா பேசுவம்" என்றார். கழற்றினால், வால்வு கரியில் இறுகித் திறந்தபடியே நின்றது!

அது என்ன வால்வு? டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் எரிந்த புகை, சிலிண்டர் சுவரில் உள்ள ஒரு துவாரத்தால் வெளியேறுகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது துவாரம் திறக்கும். துவாரம் உயரத்தில் இருந்தால் சீக்கிரம் திறக்கும். வேகமாகச் சுழலும் இஞ்சினுக்கு அது நல்லது, புகை வெளியேற நேரம் கிடைக்கும். ஆனால் மெதுவாகச் சுழலும்போது, பிஸ்டனை முழுதாகத் தள்ளுமுன்பே அழுத்தம் வெளியே போய்விடும். புதுப் பெற்றோலும் சேர்ந்து வீணாகும். இழுவை குறையும்.

இரண்டுக்கும் பொருந்தவே பவர் வால்வு வந்தது. அது துவாரத்தின் மேல் ஓரத்தில் ஒரு சிறு கதவு மாதிரி. மெதுவான ஓட்டத்தில் இறங்கி நிற்கும், வேகம் கூடினால் மேலே எழும். யமஹா கம்பனி 1970களின் இறுதியில் பந்தய வண்டிகளில் இதைப் பாவித்து, 1983இல் ஆர்டி 350 வீதி வண்டிக்கும் கொண்டு வந்தது. வெளிநாடுகளில் மணலிலும் காட்டிலும் ஓட்டும் நாலு சில்லு 'குவாட்' வண்டிகளில், 1987இல் வந்த கவாசாகி டெக்கேட் 4க்கு இந்த வால்வு உண்டு. அதே காலத்து யமஹா பான்ஷீயின் இஞ்சின் ஆர்டி 350 வம்சம்தான், ஆனால் வால்வு இல்லை. அதனால் அது மெதுவில் சோர்ந்து, வேகம் கூடியபின் திடீரெனப் பாயும்.

மலையில் மருந்து அடிக்கும் மிஸ்ட் புளோவரும் டூ ஸ்ட்ரோக்தான். பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடுவதால் அதற்கு இந்த வால்வு தேவைப்படுவதில்லை. எல்லாப் பழைய பைக்கிலும் இது கிடையாது. முதலில் உங்கள் வண்டியில் உண்டா என்று கேட்டறியுங்கள்.

அடையாளங்கள் இவை:

* வேகத்தில் நன்றாக ஓடி, மேட்டில் மட்டும் சோர்ந்தால், வால்வு திறந்தபடி இறுகியிருக்கலாம்.
* மேட்டில் இழுத்து, வேகம் மட்டும் ஏறாவிட்டால், மூடியபடி இறுகியிருக்கலாம்.
* எல்லா வேகத்திலும் சோர்ந்து, கிக்கர் மிதிக்கும்போதும் இலகுவாக இறங்கினால், பிஸ்டன், ரிங் பக்கம் பாருங்கள்.

கரி படிவதற்குக் காரணம் அளவுக்கு மீறிய ஒயில், தரமற்ற ஒயில், எப்போதும் மெதுவாகவே ஓட்டுவது. அதற்காக ஒயிலைக் குறைத்து விடாதீர்கள்! பிஸ்டன் இறுகி இஞ்சினே போய்விடும். கம்பனி சொன்ன அளவே சரி.

துப்புரவு செய்யும்போது இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடையுங்கள், கூரிய இரும்பால் சுரண்ட வேண்டாம். லயத்துக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் இந்த வேலை கூடவே கூடாது. திரும்பப் பூட்டும்போது அடையாளக் கோடுகள் பொருந்த வேண்டும்; பிழைத்தால் சில வண்டிகளில் வால்வு பிஸ்டனில் முட்டும். ஆகவே பழகியவர் கையால் செய்விப்பதே நல்லது.

அக்கா மகனுக்கு அன்று செலவு கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு புது கெஸ்கட்டும்தான். பிஸ்டனுக்கு வாங்கிய கடனை மட்டும் மாதக் கணக்கில் கட்டினான். பாகம் மாற்றச் சொன்னால், "எதனால் பிழைத்தது, காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், அது நாம் உழைத்த காசு.