ஒரு பெயர், மூன்று கருவிகள்

மார்பில் பொருத்தப்படும் இதயக் கருவி எதுவாயினும் அதனைப் ‘பேஸ்மேக்கர்’ என்றே வழங்குகிறோம். ஆனால், இப்பெயருக்குள் மூன்று கருவிகள் மறைந்துள்ளன.

முதலாவது இதயமுடுக்கி. துடிப்பு மிகக் குறையும்போது மின்தூண்டல் தந்து அதனை நிலைநிறுத்தும். 1958இல் சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு இது முதன்முதலாக உடலினுள் பொருத்தப்பட்டது.

இரண்டாவது உதறல் நீக்கி. மிரோவ்ஸ்கி குழுவினர் உருவாக்கிய இது, 1980இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. கீழறைகள் உதறுவதுபோல் தாறுமாறாகத் துடிக்கையில் மின்னதிர்ச்சி தந்து உயிர்காக்கும். தளர்ந்த இதயத் தசையை வலுப்படுத்தாது.

மூன்றாவது ஒத்தியக்கக் கருவி. முன்பின்னாகச் சுருங்கும் இரு கீழறைகளையும் ஒருசேரச் சுருங்கச் செய்யும். அதனால் இதயம் தேறுகையில், சிலருக்குக் கீழறைத் துடிப்பின் ஒழுங்கின்மையும் குறைகிறது. மேலறை உதறல் இருப்பின், தூண்டல் தடைப்பட்டுப் பயன் குன்றலாம். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே கருவியில் இணைந்து வருவதும் உண்டு.

‘இதயச் செயலிழப்பு’ என்னும் சொல்லும் மயக்கம் தருவதே. இதயம் நின்றுவிட்டது என்பது அதன் பொருளன்று. வேண்டிய அளவு இரத்தத்தைச் செலுத்தும் ஆற்றல் குன்றிய நிலையே அது. எனவே ‘இதயத் தளர்ச்சி’ என்பதே பொருந்தும் எனக் கருதுகிறோம்.

தம் மார்பில் இருப்பது எது என அறியாத நோயாளி, அது மின்னதிர்ச்சி தரும் நாளில் திகைத்துப்போவார். அறிவியல் கலைச்சொல்லைக் கற்பிக்கும்போது, அது சுட்டும் செயலையும் உடன் கற்பிப்போம்.